மேட்டில் போட்ட சுண்ணாம்புக் கூட்டல்

அன்று காலை பாலாற்றங்கரையில், டேனரி வடிகாலின் ஓரத்தில் இருந்தவர் என் தகப்பனார் ஆறுமுகம். அவர் கையில் ஒரு கூடைச் சுண்ணாம்பு. தலைக்கு மேலே ஆறாயிரம் அடியில் ஒரு விமானம், அதன் வயிற்றில் ஒரு கேமரா. இல்லாதவன் நான். ஆனால் முகாம் பதிவேட்டில் ‘விமானம் கடந்தபோது அடையாளத்தினருகே நின்றவர்’ என்ற கட்டத்தில் என் கையெழுத்துத்தான் இருக்கிறது: மா. ஆ. ஏகாம்பரம், தற்காலிக அளவையாளர்.

இதை இப்போது எழுதக் காரணம், போன மாதம் எனக்குப் பிரிவுபசார டீ கொடுத்தபோது நமது செயற்கைக்கோள் கேமரா வடிவமைப்புக் குழுவின் இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வி. “சார், இனிமே பூமியையே மேல இருந்து சாட்டிலைட் பாத்துக்கும். அப்புறம் தரையில ஆள் எதுக்கு? ஒரு புள்ளிக்கு ரெண்டு பேர் தனித்தனியா போகணும், தனித்தனியா எழுதணும்னு ஏன் சார் அப்படி அடம் பிடிச்சீங்க?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் அல்ல. நமது இதழுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள் என்றார்கள். கொஞ்சம் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது ஆம்பூருக்கு அருகே பாலாற்றங்கரையில் ஓடைமேடு என்ற தெருவில். முப்பத்தெட்டு வீடுகள். ஆண்கள் எல்லோருக்கும் அரை மைல் தள்ளியிருந்த டேனரியில், தோல் பதனிடும் வேலை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சுண்ணாம்புக் குழி ஆள். ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் முடி கழலும்வரை சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, இடுப்பளவு இறங்கிப் புரட்ட வேண்டும். அவர் விரல் நகங்கள் எனக்கு நினைவு தெரிந்தே வெந்து போனவை. ஊர்க்கிணற்றில் எங்களுக்கு இடமில்லை. பெண்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடத்தை நிரப்பி வருவார்கள். கோடையில் ஆள் உயரத்துக்குத் தோண்டினால்தான் தண்ணீர் தெரியும்.

அந்தத் தெருவில் பள்ளி இறுதி வகுப்பு முடித்த முதல் ஆள் நான். வேலூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். அதன்பின் ஆறு மாதம் அளவைப் பயிற்சி. சங்கிலி இழுக்கவும், லெவல் பார்க்கவும், லாகரிதம் அட்டவணையில் ஏழு இலக்கம் தவறாமல் எடுக்கவும் பழகினேன். அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் விமானப் படம் எடுத்து வரைபடம் தயாரிக்கும் ஒரு பிரிவு வேலூரில் முகாம் போட்டது. அதில் தற்காலிக ஆளாகச் சேர்ந்தேன். எனக்கு வந்த முதல் வேலையே எங்கள் ஆற்றுப்பகுதி.

விமானப் படம் என்பது வெறும் படம். எந்த இடம் எவ்வளவு உயரம் என்று அதற்குத் தெரியாது. தரையில் சில புள்ளிகளை நாம் முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். புள்ளியில் ஒரு முளை அடித்து, அதன்மேல் பன்னிரண்டு அடி நீளத்தில் வெள்ளையாக ஒரு கூட்டல் போடுவோம். படத்தில் அது குண்டூசித் தலையில் பாதிகூட இராது. லென்ஸ் வைத்துத் தேடி, மெல்லிய ஊசியால் அதன் நடுவில் குத்தி, படத்தைத் திருப்பி, துளையைச் சுற்றி வட்டமிட்டு, இடம், உயரம், பக்கத்தில் என்ன இருக்கிறது எல்லாம் எழுத வேண்டும். பிறகு இரண்டு படங்களை இரண்டு கண்ணாலும் ஒன்றாகப் பார்க்கும் கருவியில் வைத்தால் நிலம் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். அதை நம் புள்ளிகளின் உயரத்துக்கு ஏற்றி இறக்கிச் சரிசெய்வோம். ஒரு மேசைப் பலகையை நான்கு காலில் நிறுத்துவதைப் போலத்தான்.

முதலில் கூட்டல் போட குடியாத்தத்திலிருந்து காடாத் துணி வாங்கினோம். மூன்றாம் நாள் கூட்டலின் ஒரு கை ஒரு பெண்குழந்தையின் பாவாடையாகத் தெருவில் நடந்து போனது. அப்போது நான்தான் யோசனை சொன்னேன்: டேனரியில் கழிவுச் சுண்ணாம்பு மலையாகக் கிடக்கிறது, யாரும் திருடமாட்டார்கள். முகாம் அதிகாரி ஞானமுத்து சார் ஒப்புக்கொண்டார். “துணி பறந்தா தெரியும். சுண்ணாம்பு கலைஞ்சா தெரியாது. நிக்கற ஆள் நகரக் கூடாது,” என்றார். அன்று அவர் கையால் பதிவேட்டில் கூடுதலாக ஒரு கட்டம் போட்டார். அதுதான் ‘அருகே நின்றவர்’.

ஞானமுத்து சார் வேலூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எதையும் ஒரு தடவைதான் கேட்பார். நாம் சொன்ன பதிலை நாம் சொன்ன வார்த்தையிலேயே பதிவேட்டில் எழுதுவார். பிறகு பதிவேட்டை நம் பக்கம் திருப்பி, “படி,” என்பார். நம் பதிலை நாமே சத்தமாகப் படிக்க வேண்டும். பாதிப் பேர் படிக்கும்போதே மாற்றிச் சொல்லிவிடுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான்.

எங்கள் பகுதிக்கு நான்கு புள்ளிகள். இரண்டை சாரே தன் உதவியாளோடு பார்த்துக்கொண்டார். மலைப்பாறை மேலிருந்தது, கருவி சுமக்கும் கலாசி சின்னசாமி அண்ணன் பொறுப்பு. அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து ஆள், படிப்பில்லை, கருவிப்பெட்டியைத் தலையில் வைத்தால் ஆட்டுக்குட்டி மாதிரி பாறையேறுவார். டேனரி வடிகால் ஓரத்தில் இருந்த நான்காவது என்னுடையது.

ஒன்பது நாள் மேகத்தால் விமானம் வரவில்லை. பத்தாம் நாள் காலை ஏழு மணிக்கு முளையைப் பார்த்தேன், கூட்டலின் ஓரத்தைச் சீர் செய்தேன். ஜவ்வாது மலைப் பக்கம் மேகம் அடைத்துக் கிடந்தது. நைனா வேலைக்குப் போகும் வழியில் வந்து நின்றார். எட்டரைக்குத் தெருக்காரர் கன்னியப்பன் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“ஏகாம்பரம், ஓவர்சீயர் ரோட்டாண்ட ஜீப்புல நிக்கறார். கிணறு வோணும்னு மனு குடுத்தா இப்பவே வாங்கிக்கறேன்றார். வாப்பா, எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

“நான் இங்க நிக்கணும். நகரக் கூடாது.”

“மேகத்தப் பாரு. இதுல காக்கா கூட பறக்காது. இன்னிக்கி உட்டா அடுத்த வருசம்தான். உங்கம்மாவும் குடம் தூக்கறாங்கல்ல?”

நைனா சிரித்தார். “போப்பா. நான் நிக்கறேன். சும்மா நிக்கறதுக்கு இன்னா படிப்பா வோணும்?”

போனேன். ஜீப்பின் முன்பக்கத்தில் காகிதத்தை வைத்து எழுதினேன். முப்பத்தெட்டு வீட்டுக்கும் ரேகை வாங்க வேண்டியிருந்தது. ‘குடிக்கத் தண்ணீர் இன்றி மேற்படி தெருவாசிகள்’ என்ற வரியில் இருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. அண்ணாந்து பார்த்தேன். வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருந்தது. வரியை முடித்தேன்.

நான் திரும்பி ஆற்றுக்குப் போகவில்லை. முகாம் வண்டி சாலையிலேயே என்னை ஏற்றிக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. சாயங்காலம் பதிவேடு வந்தது. காலையில் நானே பார்த்த கூட்டல், நைனா பக்கத்தில் இருக்கிறார், நான் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன என்று நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலூர் முகாம் அலுவலகத்தில் கருவியில் படம் ஏறியது. நான்கு புள்ளியும் ஒத்துவரவில்லை. பலகை ஆடியது. ஒரு மூலை ஏறக்குறைய ஆறடி பிசகியிருந்தது. மூன்று கால் போதும் ஒரு பலகை நிற்க, நான்காவது சாட்சிக்காக. ஆனால் நான்கில் எது பொய் என்று கணக்குக்குத் தெரியாது. ஆளைத்தான் கேட்க வேண்டும். சார் போட்ட இரண்டையும் அவரே மறுபடி சரிபார்த்துவிட்டார். பாக்கி பாறையும் வடிகாலும்.

சின்னசாமி அண்ணனைக் கூப்பிட்டார். “பிளேன் போனப்ப நீ எங்க இருந்தே?”

“பாறையிலதான் சார். வெடியகாலமே போயி குந்தினேன். ஒண்ணுக்குக்கூட எழுந்து போவல. பிளேன் என் மண்டைமேலதான் போச்சி.”

சார் எழுதினார். பதிவேட்டைத் திருப்பினார். பிறகு நினைவு வந்து மீண்டும் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. கட்டத்தில் அவருடைய பெருவிரல் ரேகைதான் இருந்தது.

அடுத்து நான். “அடையாளத்துக்கிட்ட நின்னியா?”

“நின்னேன் சார்.”

எழுதினார். திருப்பினார். “படி.”

‘நின்றேன்’ என்று படித்தேன். மாற்றிச் சொல்லவில்லை. நிரந்தர ஆணைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எங்கள் வீட்டில் அரசாங்க முத்திரை வைத்த காகிதம் அதுவரை வந்ததில்லை.

பாறைப்புள்ளி நீக்கப்பட்டது. பலகை என் காலை நம்பி நின்றது. கவனக்குறைவு என்று எழுதி அந்த வாரமே சின்னசாமி அண்ணனை நிறுத்திவிட்டார்கள். வாசலில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “உன்மேல கோவம் இல்ல தம்பி. நீ கையெழுத்து, நான் ரேகை. யார நம்புவாங்க? ஆனா நான் பாறையிலதான் இருந்தேன், தெரிஞ்சிக்க.” திருப்பத்தூர்ப் பக்கம் கல்லுடைக்கப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

வரைபடம் அச்சாகி வந்தது. எங்கள் மனுவும் தேறியது. கிணற்றுக்கு இடம் பார்க்க ஓவர்சீயர் வந்த அன்று நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். தெருவே கூடிவிட்டது. கையில் எங்கள் வரைபடத்தை விரித்துக்கொண்டு, தெருவுக்கும் டேனரிக்கும் நடுவில் ஓர் இடத்தில் குச்சியை ஊன்றினார்.

நைனாதான் முதலில் பேசினார். “சார், இங்க வாணாம் சார். மழ ஜாஸ்தியா பேஞ்சா டேனரித் தண்ணி இந்தப் பக்கம்தான் வரும்.”

“மேப்புல டேனரி தாழ்வுல இருக்குது பெரியவரே. தண்ணி கீழேர்ந்து மேல ஏறுமா?”

“வரும் சார். நான் பாத்துக்கிறேனே.”

“மேப்பு ஏரோப்ளேன்ல இருந்து எடுத்தது. உங்க கண்ணு எவ்ளோ ஒசரத்துல இருக்குது?” என்றார் ஓவர்சீயர். தெரு சிரித்தது. கன்னியப்பன், “யோவ், உம்புள்ள போட்ட மேப்புய்யா அது!” என்று கத்தினார்.

நைனா முகம் மலர்ந்துவிட்டது. வெந்த விரலை நீட்டி வரைபடத்தின் ஓரத்தைத் தொட்டார். “ஆமா சார். எம்பையன் போட்டது, தப்பா இருக்காது. நான்தான் பழைய நெனப்புல சொல்லிட்டேன். இதுக்குக் கூட்டல் போட்டதுகூட நான்தான் சார்! இவன் மனு எழுதப் பூட்டான். டேனரியில குழித் தண்ணிய தொறந்து உட்டுட்டானுங்க, எல்லாம் கலைஞ்சி போச்சி. பிளேன் சத்தம் வேற கேக்குது. ஓடிப்போயி புதுச் சுண்ணாம்பு வாரிகினு வந்து, தண்ணி படாத எடமா, வரப்பு மேட்டுமேல, நல்லாப் பெருசா போட்டு உட்டேன். முன்ன இருந்ததவிட பளிச்சினு இருந்திச்சி.”

ஓவர்சீயருக்கு அது ஒரு கிழவரின் பெருமைப் பேச்சு. எனக்கு மட்டும் புரிந்தது. முளை கீழே சேற்றில். கூட்டல் இருபது அடி தள்ளி, ஆறடி உயர வரப்பின்மேல். நான் குத்திய ஊசி அந்த மேட்டில். அதற்கு நான் எழுதிய உயரம் பள்ளத்தினுடையது. பலகையின் டேனரி மூலையை நானே ஆறடி கீழே அழுத்தியிருக்கிறேன். நிலம் முழுதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது, காகிதத்தில்.

கூட்டம் கலைந்ததும் ஓவர்சீயரிடம் போனேன். “சார், இன்னும் கொஞ்சம் மேற்கால தள்ளித் தோண்டினா நல்லதுன்னு தோணுது.”

“ஏன்?”

“நைனா சொல்றாரே...”

“மேப்பு உங்களுதுப்பா. அது தப்புன்னு எழுதிக் குடு. இப்பவே நிறுத்தறேன்.” சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கேலியில்லை, நேராகத்தான் கேட்டார். நான் அந்தப் பேனாவை வாங்கவில்லை. ஆணைக்கு இரண்டு மாதம் இருந்தது.

கிணறு முடிந்து குடம் இறங்கியது. அம்மாவிடம் மட்டும், நம் வீட்டுக்கு ஊற்றுத் தண்ணியே போதும் என்றேன். “இன்னாடா பேச்சு இது? தெருவுக்கே கெணறு வாங்கிக் குடுத்தவன் வூட்டுல நாம மணல நோண்டிக் குடிக்கணுமா? சிரிப்பாங்க,” என்றார். அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொன்னால் காரணம் சொல்ல வேண்டும்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. டேனரியில் பச்சைத்தோல் ஊறவைத்த குழிகள் நிரம்பி, நைனா சொன்ன வழியாகவே தண்ணீர் வந்தது. நான்காம் நாள் ஒரு வீட்டில் வாந்திபேதி தொடங்கியது. ஆஸ்பத்திரி வண்டி வந்து சிலரைக் கொண்டுபோனது, சிலருக்கு வண்டி வரும்வரை தாங்கவில்லை. எங்கள் வீட்டிலேயே வளர்ந்த என் தங்கையின் மகனுக்கு மூன்று வயது. அவன் பெயரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அவனைப் புதைத்த மறுநாள் வேலூருக்குப் போய் ஞானமுத்து சார் முன்னால் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். “படி,” என்றார். படித்தேன். அவர் பழைய பதிவேட்டை எடுத்து, பாறைப்புள்ளியை நீக்கிய இடத்தில் இருந்த தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். “ரேகையத் திருப்பிப் படிக்கச் சொல்ல முடியாதுன்னு, கையெழுத்த நம்பினேன்,” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போலிருந்தது.

பிறகு கேட்டார்: “எத்தனை பேர்?”

“பத்துக்கு மேல இருக்கும் சார்.”

“பத்துக்கு மேலங்கறது எண் இல்ல. எண்ணிட்டு வா. அப்புறம்தான் இத அனுப்புவேன்.”

அவர் அனுப்பினார், தன் பங்கையும் சேர்த்து எழுதி. மேலிடத்தில் யாரும் அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. வரைபடத்தோடு ஒட்டிக்கொள்ள இரண்டு வரியில் ஒரு திருத்தச் சீட்டு அச்சடித்தார்கள். அது வந்த வாரமே என் நிரந்தர ஆணையும் வந்தது. நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். திருப்பத்தூருக்குப் போய்ச் சின்னசாமி அண்ணனைத் தேடினேன். கல்குவாரியில் இருந்தார். மறுபடி வேலை தர சார் எழுதியிருக்கிறார் என்றேன். உளியைக் கீழே வைக்காமலே, “பாறையில குந்தினு இருந்தேன்னு அன்னிக்கே சொன்னனே,” என்றார். அவ்வளவுதான். வரவில்லை.

பல வருடம் கழித்து, பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோள் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் தரைப்புள்ளிகளுக்காக என்னைச் சேர்த்தார்கள். கேமராவின் கூர்மையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். இன்னும் சிறியது தெரிய வேண்டும், இன்னும் சிறியது தெரிய வேண்டும். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்: அது அதே இடத்துக்கு, அதே வெயில் நேரத்தில், மறுபடி மறுபடி வர வேண்டும். கூர்மை கொஞ்சம் கம்மியானாலும் பரவாயில்லை. எங்கள் விமானம் ஒரே ஒருமுறை வந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை வந்திருந்தால் வரப்பின்மேல் கூட்டல் கரைந்து போயிருக்கும், முளைமேல் புதிதாகப் போட்ட கூட்டல் வேறிடத்தில் தெரிந்திருக்கும். ஒரு புள்ளிக்கு இரண்டு ஆள் என்பதும் அதனால்தான். நைனாவைப் போல நல்ல மனதோடு உதவுகிறவர் எங்கும் இருப்பார். என்னைப் போலக் கையெழுத்துப் போடுகிறவனும் இருப்பான். கேமராவில் எதை மாற்றினாலும் இந்த இரண்டு பேரையும் வடிகட்ட முடியாது.

சார் எண்ணிவரச் சொன்ன அன்று நடந்ததை மட்டும் இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டும் பென்சிலுமாகத் தெருவின் மேற்குக் கோடியிலிருந்து தொடங்கினேன். நைனா கூடவே வந்தார். ஒவ்வொரு வாசலிலும் அவர்தான் கேட்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மனு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். “எழுதிக்கப்பா. மூத்தது எட்டு வயசு, சின்னது ரெண்டு. மேல அனுப்பு, நீ எழுதினா நடக்கும்,” என்றாள் கன்னியப்பனின் மனைவி. கன்னியப்பன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நைனா விரலின் ஒவ்வொரு கணுவாகப் பெருவிரலால் தொட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

இருபதாவது வீட்டைத் தாண்டியதும் நின்றார். “ஏகாம்பரம். அந்தக் கூட்டல நான் மேட்டுல போட்டதாலயா?”

“இல்ல நைனா. நான் நிக்காததால.”

என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா, தெரியாது. கணுவிலிருந்து பெருவிரலை எடுக்கவில்லை, எண் தவறிவிடும் என்று. பிறகு நடந்தார். பாக்கி வீடுகளிலும் அவரேதான் கேட்டார்.

கடைசி வாசலில் கையை என் முன்னால் நீட்டிக் கணக்குச் சொன்னார். “பதினாறு.”

எங்கள் வீட்டை அவர் எண்ணவில்லை. நான் சேர்த்து எழுதினேன். பதினேழு.